பயண நேரக் கணக்கு: கடலூர், புதுச்சேரியிலிருந்து கிளம்புவோருக்கு முழுமையான வழிகாட்டி

"140 கிலோமீட்டர்தானே, எழுபதில் போனால் ரெண்டு மணி நேரம்" என்று கிளம்புகிறவர்கள்தான் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கவுன்டர் மூடிய பிறகு போய் நிற்கிறார்கள். வகுத்தது சரி. வகுக்க எடுத்த இரண்டு எண்ணும் தப்பு. தூரம் வீட்டு வாசலிலிருந்து எடுத்ததல்ல. வேகமோ முள் எப்போதாவது ஒருமுறை தொட்டுவிட்டு இறங்கியது.

கீழே உள்ள வரிசைப்படி போட்டால் ஒரு தாள், பேனா, பத்து நிமிடம் போதும். வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் எண் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. முதலில் நான்கு விவரங்களை எழுதுங்கள்

எந்த இடத்தில், எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்? எந்த வாசலிலிருந்து கிளம்புகிறீர்கள்? எந்த வண்டி? என்ன கிழமை?

இடத்தை எழுதும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்தாதீர்கள். "சென்னை" என்பது ஓர் இடமே அல்ல. திண்டிவனம் வழியாகப் போகும் பஸ் உங்களைக் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கோயம்பேடு இன்னும் சுமார் 30 கி.மீ. இது கடலூர் – புதுச்சேரி தூரத்தைவிட அதிகம். நம்ம ஊரிலும் இதே கதைதான். "கடலூர் ஸ்டேஷன்" என்றால் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூரா, முதுநகரில் இருக்கும் துறைமுகம் சந்திப்பா? "பாண்டிச்சேரி" என்றால் கடற்கரைச் சாலையா, கோரிமேட்டு ஜிப்மரா? இதை எழுதாமல் போட்ட கணக்கு முதல் அரை மணி நேரத்திலேயே பொய்த்துவிடும்.

கிழமை ஏன் என்றால், புதுச்சேரிக்குள் வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் மற்ற நாள் மாதிரி இருக்காது. வார நாளில் காலையில் ஜிப்மர் பக்கம் நெரிசல். வார இறுதியில் அது கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இடம் மாறும்.

2. தூரத்தை எடுங்கள்: எந்தத் தூரம் என்று பார்த்து

வரைபடத்தில் விரல் வைத்து அளப்பது, சாலைத் தூரம், ரயில் தூரம் மூன்றும் வேறு வேறு. இதற்குக் கடலூர் – புதுச்சேரியே நல்ல உதாரணம். சாலையில் 22 முதல் 25 கி.மீ. இரண்டு ஊர்களுக்கும் நடுவே நேர் ரயில் பாதை கிடையாது. ரயிலில்தான் போவேன் என்று அடம் பிடித்தால் விழுப்புரம் போய்த் திரும்ப வேண்டும், 80 கி.மீ.க்கு மேல் ஆகும்.

புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு இரண்டு வழி. மரக்காணம், மாமல்லபுரம் வழியாகக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கி.மீ.; திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகப் பத்துப் பதினைந்து கி.மீ. கூடும். எது குறைவு என்பதைவிடச் சென்னையில் எங்கே என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது. திருவான்மியூர், அடையாறு, பழைய மாமல்லபுரம் சாலை என்றால் கடற்கரைச் சாலை. தாம்பரம், விமான நிலையம், கிளாம்பாக்கம் என்றால் திண்டிவனம். பத்து கி.மீ. மிச்சம் பிடிக்கக் கடற்கரைச் சாலையில் போய், ஊருக்குள் குறுக்கே கடந்து தாம்பரம் சேர்வது வெட்டி வேலை.

வழியில் சரிபார்க்க மைல் கல்லைப் பாருங்கள். மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை மாநில நெடுஞ்சாலை. கல்லில் உள்ள எண் ஊருக்குள் ஏதோ ஒரு குறிப்பிட்ட புள்ளி வரைக்கும்தான். நீங்கள் இறங்க வேண்டிய தெரு வரைக்கும் அல்ல. கடைசி இரண்டு மூன்று கி.மீ.யைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. வேகத்தை நிமிடமாக மாற்றுங்கள்

புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். "மணிக்கு இத்தனை கி.மீ." என்று வைத்துக்கொண்டு மனக்கணக்காக வகுத்தால் தப்பு வரும். "ஒரு கி.மீ.க்கு எத்தனை நிமிடம்" என்று மாற்றிவிட்டால் பெருக்கினால் போதும். 60-ஐ வேகத்தால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும்.

மணிக்கு 20 என்றால் கி.மீ.க்கு 3 நிமிடம்
மணிக்கு 25 என்றால் 2.4 நிமிடம்
மணிக்கு 30 என்றால் 2 நிமிடம்
மணிக்கு 40 என்றால் 1.5 நிமிடம்
மணிக்கு 50 என்றால் 1.2 நிமிடம்
மணிக்கு 60 என்றால் 1 நிமிடம்
மணிக்கு 80 என்றால் முக்கால் நிமிடம்

இதில் எந்த வரியை எடுப்பது? முள் காட்டும் உச்ச வேகத்தை அல்ல, சராசரியை எடுங்கள். ஊருக்குள் காருக்கும் டவுன் பஸ்ஸுக்கும் 20. மரப்பாலம், அரியாங்குப்பம் மாதிரி ஊரும் கடையும் ஒட்டிக்கொண்டே வரும் சாலைக்கு 30. இருவழிச் சாலையில் காருக்கு 45 முதல் 50. நடுவில் தடுப்பு உள்ள நால்வழிச் சாலைக்கு 60 முதல் 70. பைக் என்றால் ஊருக்கு வெளியே எல்லாவற்றிலும் கொஞ்சம் குறைத்து, இருவழிச் சாலைக்கு 40 போட்டுக்கொள்ளுங்கள். நால்வழிச் சாலையில் 90-ல் ஓட்டுகிறவருக்கும் சுங்கச்சாவடி, ஊர் விலக்கு, குறுக்கே வரும் டிராக்டர் எல்லாம் சேர்ந்தால் சராசரி 65-ஐத் தாண்டுவது அபூர்வம்.

முள்ளையும் முழுதாக நம்ப வேண்டாம். ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி. அதனால் தயாரிப்பாளர்கள் சற்றுக் கூடுதலாகவே காட்டும்படி வைக்கிறார்கள். போனில் தெரியும் வேகம் முள்ளைவிட மூன்று நான்கு குறைவாக இருந்தால் வண்டியில் கோளாறு என்று அர்த்தமல்ல.

இன்னொரு தவறு: இரண்டு வேகத்தைக் கூட்டி இரண்டால் வகுப்பது. புதுச்சேரி – விழுப்புரம் 40 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போகும்போது 60, வரும்போது 40. சராசரி 50 என்றுதான் சொல்லத் தோன்றும். போக 40 நிமிடம், வர 60 நிமிடம், 80 கி.மீ.க்கு 100 நிமிடம், அதாவது 48. மெதுவாக ஓடும் பகுதியில் அதிக நேரம் இருக்கிறோம், அதனால் சராசரியை அது தன் பக்கம் இழுத்துவிடும். இரண்டு வேகங்களுக்கும் உள்ள இடைவெளி கூடக்கூட இந்த வித்தியாசமும் கூடும்.

4. பாதையைத் துண்டு போடுங்கள்

முழுப் பாதைக்கும் ஒரே வேகம் போடக் கூடாது. சாலையின் தன்மை மாறும் இடத்திலெல்லாம் வெட்டுங்கள். புதுச்சேரி நகரிலிருந்து சென்னை விமான நிலையம் வரை காரில், தூரங்களை முழு எண்ணாக்கிப் பார்ப்போம்:

நகருக்குள்ளிருந்து கோரிமேடு: 5 கி.மீ. × 3 = 15 நிமிடம்
கோரிமேடு – திண்டிவனம்: 33 கி.மீ. × 1 = 33 நிமிடம்
திண்டிவனம் – செங்கல்பட்டு: 65 கி.மீ., சராசரி 65 = 60 நிமிடம்
செங்கல்பட்டு – திரிசூலம் (விமான நிலையம்): 40 கி.மீ. × 1.5 = 60 நிமிடம்
மொரட்டாண்டி, ஆத்தூர், பரனூர் சுங்கச்சாவடிகளும் ஒரு டீயும்: 20 நிமிடம்

மொத்தம் 188 நிமிடம், 3 மணி 8 நிமிடம். 143 கி.மீ.யை இதால் வகுத்தால் சராசரி 46-க்கும் கீழே வரும். எழுபதில் ஓட்டிய பயணம்தான் இது.

இனி முக்கியமான விஷயம். ஒரு துண்டுக்கு ஆகும் நேரம், அந்தத் துண்டுக்குள் எத்தனை மணிக்கு நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 10:30 விமானம், 8:30-க்கு வாசலில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டை ஏழு மணிக்குத் தொட்டால், தாம்பரம் வரை அலுவலக நெரிசல் கூடவே வரும். அந்த 40 கி.மீ.க்குச் சராசரி 25 ஆகி, 60 நிமிடம் 96 நிமிடமாகிவிடும். அப்போது வீட்டில் 4:45-க்கே கிளம்ப வேண்டும். அதையே நாலு மணிக்குக் கிளம்பினால் செங்கல்பட்டை ஆறரைக்குள் தாண்டி, ஏழேகாலுக்குள் திரிசூலம் போய்விடலாம். முக்கால் மணி நேரம் முன்னால் கிளம்பி ஒன்றேகால் மணி நேரம் முன்னால் சேர்கிறீர்கள். தூக்கத்தில் முக்கால் மணி போனது போனதுதான். ஆனால் பெட்டி போடும் கவுன்டரைப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் 60 நிமிடம் முன்னதாகவே மூடிவிடும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கூகுள் மேப் சொல்லும் நேரம் நீங்கள் பார்க்கிற அந்த நிமிடத்துக்கானது. முந்தின நாள் இரவு பத்து மணிக்குப் பார்த்துவிட்டு மறுநாள் காலை எட்டு மணிப் பயணத்துக்கு அதை எடுக்கக் கூடாது. வழி போட்டபின் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டினால் புறப்படும் நேரத்தையோ சேரும் நேரத்தையோ குறிக்கலாம். அப்போதுகூட அது வண்டி ஓடும் நேரம் மட்டுமே. டீ, பெட்ரோல், குழந்தைக்கு வாந்தி, பார்க்கிங் தேடுவது எதுவும் அதில் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் என்று நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். 60 கி.மீ.யை ஒரு மணி நேரத்தில் கடந்தவர் 15 நிமிடம் நின்றால், சராசரி 60-லிருந்து 48-க்கு இறங்கிவிடும்.

5. பஸ்ஸில் என்றால் கணக்கு வேறு

பஸ் பயணம் மூன்று பகுதி: காத்திருப்பு, ஓட்டம், நிறுத்தங்கள். பலரும் ஓட்டத்தை மட்டும் எண்ணுகிறார்கள்.

காத்திருப்புக்கு, 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாக ஏழெட்டு நிமிடம்தான் நிற்பீர்கள். ஆனால் கணக்கில் முழு 15-ஐயும் போடுங்கள். நீங்கள் உள்ளே நுழையும்போது ஒன்று வெளியே போய்க்கொண்டிருக்கும் நாளுக்குத்தான் திட்டம் தேவை.

நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம். பிரேக் போட்டு, ஆள் ஏற்றி, மறுபடி வேகம் பிடிக்க அவ்வளவு ஆகும். கடலூர் – புதுச்சேரி 22 கி.மீ.யை 40-ல் ஓட்டினால் 33 நிமிடம். ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பத்துப் பன்னிரண்டு இடத்தில் நின்றால் 45. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊர்ந்து வெளியேறவும், புதுச்சேரிக்குள் சிக்னல்களுக்கும், கடலூர் சாலை ரயில்வே கேட் மூடியிருந்தால் அதற்கும் இன்னொரு பத்து. ஆக 55 நிமிடம். நிற்காத வண்டி என்றால் பத்து நிமிடம் மிச்சம்; ஆனால் அதற்காக இருபது நிமிடம் காத்திருந்தால் என்ன லாபம்? முதலில் கிளம்புகிற வண்டியில் ஏறுவதே இந்தத் தூரத்துக்குச் சரி. திருச்சி, மதுரை மாதிரி நூறு கி.மீ.க்கு மேல் என்றால் மட்டும் விரைவுப் பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம்.

கடைசி பஸ், முதல் பஸ் நேரத்தைப் பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எதிரே வரும் கண்டக்டருக்குத் தன் வண்டி நேரம்தான் தெரியும்.

6. ரயில்: நள்ளிரவைக் கவனியுங்கள்

விழுப்புரத்தில் தெற்கே போகும் ரயில்கள் பல, இரவில்தான் வருகின்றன. அதில் 00:20 என்று போட்டிருக்கும் ரயிலில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சனிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி ஏறப்போகும் அந்த ரயிலுக்கு டிக்கெட் ஞாயிற்றுக்கிழமை தேதியில் எடுக்க வேண்டும். சனிக்கிழமை தேதியில் எடுத்தால் உங்கள் ரயில் அதற்கு முந்தின இரவே போய்விட்டிருக்கும்.

அதே ரயில் எங்கே வருகிறது என்று போனில் பார்க்கும்போது இன்னொரு குழப்பம். ரயில் புறப்பட்ட நாள் சனி, விழுப்புரம் வரும் நாள் ஞாயிறு. எந்த நாளைக் கேட்கிறது என்று பார்த்துத் தட்டுங்கள். இல்லையேல் நேற்றைய வண்டியைப் பார்த்துவிட்டு "ரயில் போய்விட்டது" என்று பதறுவீர்கள்.

சில ரயில்களின் அட்டவணையில், கடைசி நிலையத்துக்கு முன்னால் கூடுதல் நிமிடங்களைச் சேர்த்திருப்பார்கள், தாமதத்தை ஈடுகட்ட. செங்கல்பட்டில் 20 நிமிடம் தாமதமாக இருந்த ரயில் எழும்பூரில் சரியான நேரத்துக்கு நுழைவது இதனால்தான். இடையில் இறங்குகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது. விழுப்புரத்தில் இறங்கி அடுத்த ரயிலைப் பிடிக்கும் திட்டத்தில் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

7. பின்னாலிருந்து எண்ணுங்கள்

துண்டுகள் தயார். இப்போது சேர வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டே வாருங்கள். முன்னாலிருந்து கூட்டினால், ஆசைப்பட்ட நேரத்துக்கு ஏற்றபடி எண்களைச் சுருக்கத் தோன்றும். பின்னாலிருந்து கழித்தால் எண்கள் சொல்வதை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

கடலூரிலிருந்து அம்மாவை ஜிப்மருக்குப் பஸ்ஸில் கூட்டிப் போகிறீர்கள். காலை 8:00-க்குக் குறிப்பிட்ட பிரிவின் முன் நிற்க வேண்டும்.

8:00 பிரிவின் முன்
7:45 ஜிப்மர் வாசல் (உள்ளே நடக்க, கட்டடம் கண்டுபிடிக்க 15)
7:25 புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் நகர்கிறது (20)
7:10 கடலூர் பஸ் அங்கே வந்து நிற்கிறது (இறங்கி, மாறி, காத்திருக்க 15)
6:15 கடலூரில் பஸ் கிளம்புகிறது (55)
6:00 கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் நீங்கள் (காத்திருப்பு 15)
5:45 வீட்டிலிருந்து ஆட்டோ (15)
5:25 தாமதத்துக்கென்று ஒதுக்கியது (20)

கிட்டத்தட்ட முப்பது கி.மீ. பயணத்துக்கு 2 மணி 35 நிமிடம். இதில் வண்டி ஓடுவது ஒன்றரை மணி நேரம்தான். மீதி 65 நிமிடமும் நிற்பதும் நடப்பதும் தேடுவதும். இதைக் குறைக்க வேகமான பஸ் உதவாது. மாறுவதை ஒழித்தால்தான் குறையும். கோரிமேடு வழியாகத் திண்டிவனம் பக்கம் போகும் பஸ் கிடைத்தால் ஜிப்மர் வாசலிலேயே இறங்கலாம். கால் மணி நேரம் மிச்சம், வயதானவருக்குப் படி ஏறி இறங்கும் சிரமமும் இல்லை.

8. தாமதத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது

"எதற்கும் அரை மணி நேரம்" என்று எல்லாப் பயணத்துக்கும் ஒரே அளவு போடுவது சோம்பேறித்தனம். தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று கேளுங்கள். கால் மணிக்கு ஒரு பஸ் என்றால் எதுவுமே ஒதுக்க வேண்டாம். நாளுக்கு ஒரு ரயில், விமானம், பரீட்சை, முகூர்த்தம் என்றால் ஓடும் நேரத்தில் கால் பங்காவது சேர்க்க வேண்டும். சேர்ப்பதை மொத்தமாகப் பயணத்தின் தொடக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஐந்தைந்தாகப் பதுக்கினால் வழியில் அதை டீக்கடைகளே சாப்பிட்டுவிடும்.

நம்ம பக்கத்தில் தனியாகப் பார்க்க வேண்டியவை:

கரும்பு அரவைக் காலத்தில் நெல்லிக்குப்பம் – பண்ருட்டி சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் வரிசை கட்டும். அந்தச் சாலைக்கு, கி.மீ.க்கு 2 நிமிடம் போடுங்கள்.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போகும் சாலைகளும், டிசம்பர் 31 இரவு புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய சாலைகளும் வழக்கம்போல் இருக்காது. வண்டியை வெளியே நிறுத்தி நடக்கும் தூரத்தைக் கணக்கில் சேர்க்கவும்.

பொங்கல், தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஆத்தூர், பரனூர் சாவடிகளுக்கு 20 நிமிடம் போதாது. ஒரு மணி நேரம் தனியாக வையுங்கள், அல்லது கடற்கரைச் சாலையைத் தேர்ந்தெடுங்கள்.

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை என்றால் சாலையில் சுமார் 100 கி.மீ. இருவழிச் சாலை வேகத்தில் இரண்டேகால் மணி நேரம். ஆனால் வண்டிகளை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிடுவார்கள். கிரிவலப் பாதை 14 கி.மீ.; சாதாரண நாளில் மணிக்கு 4 கி.மீ. நடை, மூன்றரை மணி நேரம். கூட்டத்தில் நடை 3-க்கு இறங்கும். நாலே முக்கால் மணி நேரம் ஆகும். திரும்பும் பஸ்ஸை இதை வைத்து முடிவு செய்யுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் ஆறுகள் பெருகியபோது விழுப்புரம் பக்கம் பாலத்தைத் தொட்டு வெள்ளம் ஓடியதால் ரயில்களே நின்றன. தென்பெண்ணையில் தண்ணீர் திறப்பு பற்றிய அறிவிப்பு வந்தால் நிமிடங்களைக் கூட்டிப் பயனில்லை. வழியையே மாற்ற வேண்டும், அல்லது பயண நாளையே மாற்ற வேண்டும்.

9. வேகத்தைக் கூட்டி நேரத்தைப் பிடிக்கலாமா

22 கி.மீ.யை 40-ல் ஓட்டினால் 33 நிமிடம், 60-ல் 22, 80-ல் பதினாறரை. முதல் இருபது கூட்டலில் 11 நிமிடம் மிச்சம். அடுத்த இருபதில் ஐந்தரைதான். அதுவும் 22 கி.மீ. முழுக்க 80-ல் போக முடிந்தால். கிருமாம்பாக்கத்தில் ஒரு பஸ் நின்றாலே அதில் பாதி போய்விடும். மத்திய அரசின் 2018 அறிவிக்கையில் நால்வழிச் சாலையில் காருக்கு 100, இருசக்கர வாகனத்துக்கு 80 என்று உச்ச வரம்பு இருந்தாலும், வழியில் பலகை அதற்குக் குறைவாகச் சொன்னால் பலகைதான் செல்லும்.

10. ஓடும்போது சரிபார்ப்பு

தாளை வண்டியிலேயே வைத்திருங்கள். ஒவ்வொரு துண்டும் முடியும் இடத்தில் மணி பாருங்கள். திண்டிவனத்திலேயே 20 நிமிடம் பின்தங்கியிருந்தால், அங்கேயே டீயை விட்டுவிடுங்கள், போகும் இடத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். செங்கல்பட்டைத் தாண்டிய பிறகு தெரிந்தால் செய்ய ஒன்றும் இருக்காது.

ஊர் திரும்பியதும் உண்மையில் ஆன நேரத்தை அதே தாளில் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். 3-ஆம் படியில் சொன்ன சராசரி வேகங்கள் பொது எண்கள். உங்கள் வண்டி, உங்கள் ஓட்டம், உங்கள் தெருவுக்கான எண் அந்தத் தாளில்தான் இருக்கும். அடுத்த பயணத்துக்கு அதை எடுத்துப் போடுங்கள்.